முதல் வண்டியா ஆர்எக்ஸ் 100 வாங்கிக் குடுக்காதீங்க

1/
பையனுக்கு 18 முடிஞ்சு லைசென்ஸ் வந்திருக்கு. முதல் வண்டியா யமஹா ஆர்எக்ஸ் 100 கேக்குறான். வாங்கிக் குடுக்காதீங்க. சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லிட்டேன். ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. பையன் கையிலயும் குடுத்து படிக்கச் சொல்லுங்க, பாதி அவனுக்குத்தான் எழுதுறேன்.

2/
இத எழுத வச்சது கருணாபுரத்துல இருந்து ஒரு அப்பா கேட்ட கேள்வி. மூட்டை தூக்குற வேலை. "சார், நூறு சிசி தானே? ஸ்ப்ளெண்டரும் நூறு, இதுவும் நூறு. முப்பது வருசத்துப் பழைய வண்டி, என்ன பெரிய வேகம் போயிடப் போவுது?" கணக்கு சரிதான். முடிவு தப்பு. இந்தத் தப்பு அவர் தலையில உதிச்சதும் இல்ல. விக்கிறவன் சொல்ற டயலாக் அது. "நூறு சிசி தான் அண்ணே, பையன் பழக ஏத்த வண்டி."

3/
சிசின்னா இன்ஜினுக்குள்ள இருக்கிற இடத்தோட அளவு. வண்டியோட வேகத்துக்கு அது அளவுகோல் இல்ல. ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக். பிஸ்டன் ஒரு தடவ மேல கீழ போய் வந்தாலே ஒரு தடவ வெடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்குல ரெண்டு தடவ போய் வந்தாத்தான் ஒரு தடவ. அதனால அதே 98 சிசிக்கு ஆர்எக்ஸ் 11 குதிரைத்திறன் தருது. இன்னைக்கு ஷோரூம்ல நிக்கிற நூறு சிசி வண்டி சுமார் 8. இதுல ஆர்எக்ஸோட எடை வேற கம்மி, நூறு கிலோவ ஒட்டி. ஒரு குதிரை 9 கிலோவ இழுக்குது இங்க. அங்க ஒரு குதிரைக்கு 14 கிலோ. ரெண்டும் ஒரே வண்டியா?

4/
எண்ணிக்கைய விட முக்கியமானது, அந்தச் சக்தி வர்ற விதம். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி ஆக்ஸிலேட்டர முறுக்க முறுக்க சீரா ஏறும். டூ ஸ்ட்ரோக் கீழ சாதுவா இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல ஆர்பிஎம் போச்சுன்னா மொத்தமா வந்து விழும். ஓட்டினவங்க எல்லாருக்கும் தெரியும் அந்த 'பிக்கப்'. அந்த ருசிக்குத்தான் அந்த வண்டிக்கு இவ்ளோ விலை. பத்து வருசம் ஓட்டினவன் கை அதுக்குக் காத்திருக்கும். பத்து நாள் ஓட்டினவனுக்கு அது வளைவுக்கு நடுவுல வரும்.

5/
சரி, ஓடுறது இருக்கட்டும். நிக்கிறத பாப்போம். முன்னாடியும் டிரம் பிரேக், பின்னாடியும் டிரம் பிரேக். சன்னமான டயர். ஏபிஎஸ் கிடையாது. கம்பைன்டு பிரேக்கும் கிடையாது. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல ஏபிஎஸ் கட்டாயம், அதுக்குக் கீழ குறைஞ்சது கம்பைன்டு பிரேக் கட்டாயம். அதாவது புது வண்டியில பயந்துபோய் பின் பிரேக்க மட்டும் மிதிச்சாலும் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். ஏன் அப்படி சட்டம் போட்டாங்க? புதுசா ஓட்டுறவன் நாய் குறுக்க வந்தா செய்யிற முதல் காரியம் காலால ஓங்கி மிதிக்கிறது. பின் சக்கரம் பூட்டிக்கும், வால் ஒதுங்கும், வண்டி விழும். இத எந்த வீரமும் தடுக்காது. பழக்கம் தடுக்கும், இல்லன்னா தொழில்நுட்பம் தடுக்கும். 18 வயசுப் பையன்கிட்ட முதலாவது இல்ல. 1985 வண்டியில ரெண்டாவது இல்ல.

6/
வேகம் ரெண்டு மடங்கானா நிக்கத் தேவையான தூரம் நாலு மடங்கு ஆகும். பத்தாம் வகுப்பு இயற்பியல் தான். 40ல நின்ன வண்டிதானேன்னு 80ல நிக்கும்னு எதிர்பாக்குறது இந்த வயசோட இயல்பு.

7/
"டாக்டர், ஓவரா பேசாதீங்க. நாங்க 1990ல ஓட்டல? செத்தா போயிட்டோம்?" இந்த கமெண்ட் எப்படியும் வரும், இப்பவே பதில் சொல்லிடுறேன். செத்தவங்க கமெண்ட் போட மாட்டாங்க, அது ஒண்ணு. இன்னொண்ணு, நீங்க ஓட்டின ரோட்டுல எதிர்ல வந்தது சைக்கிளும் கட்டை வண்டியும் மணிக்கு ஒரு பஸ்ஸும். இன்னைக்கு உளுந்தூர்பேட்டை - சேலம் நாலு வழிச்சாலைய குறுக்கால கடந்துதான் பையன் பெட்ரோல் பங்குக்கே போகணும். ரோடு மாறிடுச்சு, எதிர்ல வர்ற லாரி மாறிடுச்சு. பிரேக் மட்டும் அப்படியே இருக்கு.

8/
அப்புறம் நீங்க ஓட்டினது புது வண்டி. 1985 கடைசியில வந்துச்சு, ஆரம்பத்துல ஜப்பான்ல இருந்து பாகங்கள் வந்து எஸ்கார்ட்ஸ் கம்பெனியோட சேர்ந்து இங்க பூட்டினாங்க. 1996ல புகை கட்டுப்பாட்டு விதிகள் இறுகினதோட நின்னு போச்சு. இன்னைக்கு சந்தையில இருக்கிற கடைசி வண்டிக்கே வயசு முப்பதை ஒட்டி. இவன் வாங்கப் போறது, அஞ்சாறு பேர் கை மாறி, மூணு வண்டிய பிரிச்சு ஒண்ணா கோத்து, பெயின்ட் அடிச்சு, குரோம் பூசி நிக்கிற ஒண்ணு. டேங்க் பளபளன்னு இருக்கும். பிரேக் ஷூ டூப்ளிகேட்டா இருக்கும். ரீல்ஸ்ல தெரியிறது டேங்க் மட்டும்.

9/
சிலது போர்ட்டிங் பண்ணி வேற இருக்கும். சிலிண்டர்ல இருக்கிற துவாரத்த தேய்ச்சு அகலமாக்கி, சைலன்சர் பேஃபிள உருவிட்டு, கார்புரேட்டர மாத்தி, சக்திய இன்னும் ஏத்தி வச்சிருப்பாங்க. பிரேக்குல கை வச்சிருக்க மாட்டாங்க. வச்சிருந்தா இன்னும் பயம், லேத்துல வெல்டு வச்சு வேற வண்டி டிஸ்க்க மாட்டியிருப்பாங்க. இது எதுக்கும் ஆர்டிஓ அனுமதி இருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ-படி இப்படி மாத்தின ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ வண்டி ஓனருக்கு. மாத்தினவன் மெக்கானிக். மாட்டுறது பையன்.

10/
இப்ப எங்க ஊரு விஷயத்துக்கு வரேன். கள்ளக்குறிச்சிப் பசங்க வண்டி வாங்கினா முதல் ஞாயித்துக்கிழமை எங்க போவாங்க? கல்வராயன் மலை. கச்சிராயபாளையம், கோமுகி அணை, அங்க இருந்து ஏறி வெள்ளிமலை. பெரியார் அருவியில ஒரு குளியல், ஒரு ரீல்ஸ். ஏறும்போது ஆர்எக்ஸ் அழகா ஏறும், அத மறுக்கல. இறங்கும்போதுதான் கதை.

11/
ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில ஆக்ஸிலேட்டர விட்டா இன்ஜினே வண்டிய பிடிச்சு இழுக்கும். செகண்ட் கியர்ல போட்டு இறங்கலாம், பிரேக்குக்கு பாதி வேலைதான். டூ ஸ்ட்ரோக்குல அந்தப் பிடி ரொம்பக் கம்மி. அப்ப மொத்த பாரமும் டிரம் பிரேக் மேல. வளைவுக்கு வளைவு பிடிச்சுக்கிட்டே இறங்கினா டிரம் சூடேறும். சூடேறினா பிடிப்பு குறையும். மேல பத்து வளைவுல நல்லா பிடிச்ச பிரேக், கீழ வரும்போது லிவர் கைப்பிடிய தொட்டாலும் வழுக்கும். பின்னாடி ஒரு ஃப்ரெண்டு உக்காந்திருப்பான், சில நேரம் ரெண்டு பேர்.

12/
இன்னொண்ணு இருக்கு, இத நிறைய பேர் சொல்லித் தர மாட்டாங்க. ஆர்எக்ஸ்ல டூடி ஆயிலுக்குன்னு தனி பம்ப் உண்டு. பல மெக்கானிக்குங்க அத கழட்டிட்டு, "பெட்ரோல்லயே கலந்து ஊத்துப்பா, தொல்லை இல்ல"ன்னு அனுப்பிடுறாங்க. அப்படி ஓட்டினா இன்ஜினுக்கு ஆயில் போறது பெட்ரோலோட மட்டும்தான். நீளமான இறக்கத்துல ஆக்ஸிலேட்டர மூடிட்டு வேகமா இறங்கும்போது பெட்ரோல் போகாது, ஆயிலும் போகாது. பிஸ்டன் மட்டும் முழு வேகத்துல ஓடிக்கிட்டிருக்கும். ஜாம் ஆனா பின் சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கும். பழைய ஆர்எக்ஸ் ஆளுங்க இறக்கத்துல ரெண்டு விரல கிளட்ச் மேலயே வச்சிருப்பாங்க, அப்பப்ப லேசா ஆக்ஸிலேட்டர் குடுப்பாங்க. பாத்திருக்கீங்களா? அது ஸ்டைல் இல்ல. பல தடவ விழுந்து கத்துக்கிட்டது.

13/
இது இந்தியாவோட புது வியாதியும் இல்ல. ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் படத்துல டொமினிக் ஓட்டுற கறுப்பு கார் ஞாபகம் இருக்கா? 1970 டாட்ஜ் சார்ஜர். அமெரிக்காவுல மஸில் கார்னு சொல்ற ரகம். அந்த ரகத்துக்குப் பேர் வாங்கிக் குடுத்தது 1964ல வந்த பான்டியாக் ஜிடிஓ. சூத்திரம் ரொம்ப எளிது. நடுத்தர சைஸ் குடும்பக் கார எடு, அதுக்குள்ள 6.4 லிட்டர் பெரிய இன்ஜின திணி, விலைய குறைச்சு வை, இளவட்டங்களுக்கு வித்திடு. அந்த முதல் ஜிடிஓல நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்தான். குட்டி உடம்பு, பெரிய இன்ஜின், பழைய பிரேக். நம்ம ஆர்எக்ஸும் அதே சூத்திரம்தான், சின்ன அளவுல.

14/
அந்தக் கார்களோட பொற்காலம் பத்து வருசம் கூட நீடிக்கல. 1973 பெட்ரோல் நெருக்கடிய எல்லாரும் சொல்வாங்க, புகைச் சட்டத்தையும் சொல்வாங்க. அதுக்கு முன்னாடியே கழுத்தப் பிடிச்சது இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க. இளவட்டப் பசங்க இந்தக் கார்ல அடிபட்டு வர்ற கணக்க பாத்துட்டு, 1970 வாக்குல பிரீமியத்த தாறுமாறா ஏத்துனாங்க. கார் வாங்கக் காசு இருந்த பையன்கிட்ட இன்ஷூரன்ஸ் கட்டக் காசு இல்ல. அறிவுரையால நடக்காதது பிரீமியத்தால நடந்துச்சு.

15/
நம்ம ஊர்ல அந்த வழியும் இல்ல. இங்க தேர்டு பார்ட்டி பிரீமியம் சிசிய பாத்துத்தான். 75ல இருந்து 150 சிசி வரைக்கும் வருசத்துக்கு 714 ரூபாய்னு 2022ல அறிவிச்சாங்க. ஸ்ப்ளெண்டருக்கும் அதே, ஆர்எக்ஸுக்கும் அதே. ஓட்டுறவன் வயசு 18ஆ 48ஆன்னு யாரும் கேக்குறதில்ல, பிரேக் எந்த வருசத்துதுன்னும் கேக்குறதில்ல. கருணாபுரத்து அப்பா சொன்ன "ரெண்டும் நூறு சிசி தானே"வ அரசாங்கமே சொல்லுது. அவர எப்படி குத்தம் சொல்றது?

16/
இன்ஷூரன்ஸ்னு சொன்னதும் "அட போங்க டாக்டர்"னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. கருணாபுரத்துக்காரங்க குறிப்பா நில்லுங்க. இதுக்காகத்தான் இத்தனையும் எழுதுறேன்.

17/
2024 ஜூன்ல நடந்தது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. மெத்தனால் கலந்த சாராயத்துல 60 பேருக்கு மேல போயிட்டாங்க. தெருவுக்குத் தெரு பந்தல். போனதுல பெரும்பாலானவங்க அன்னாடம் கூலிக்குப் போயி வீட்டுக்குச் சோறு போட்டவங்க. நாடே திரும்பிப் பாத்துச்சு, அரசாங்கம் குடும்பத்துக்கு 10 லட்சம் குடுத்துச்சு. இப்ப ரோட்ட பாருங்க. 2022ல மட்டும் தமிழ்நாட்டு ரோட்டுல செத்தவங்க 17,884 பேர். நாளுக்கு 49. கருணாபுரத்துல போன அளவு உயிர் ஒன்றரை நாளுக்கு ஒரு தடவ போயிக்கிட்டிருக்கு. தனித்தனியா, வேற வேற ஊர்ல, ஒத்தையா ஒரு பந்தல். அங்க யாரும் கேமராவோட வர மாட்டாங்க.

18/
அந்த வருசம் இந்தியா முழுக்க ரோட்டுல செத்த 1,68,491 பேர்ல 74,897 பேர் டூ வீலர்ல போனவங்க. நூத்துக்கு 44க்கு மேல. நான் ஆர்எக்ஸ மட்டும் பழி சொல்லல. புது வண்டியில விழுந்து வர்றவங்களும் நிறைய. ஆனா புது வண்டியில விழுந்தவன் வீட்டுக்கும் பழைய ஆர்எக்ஸ்ல விழுந்தவன் வீட்டுக்கும் மறுநாள் காலையில ஒரு பெரிய வித்தியாசம் உண்டு.

19/
ஷோரூம்ல புது வண்டி எடுத்தா அஞ்சு வருச தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். அதோட ஓட்டுற ஓனருக்குன்னு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. பில்லுல ஒரு வரி, யாரும் படிக்கிறதில்ல. பையனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அம்மா கைக்கு வர வேண்டிய காசு அது. இத வாங்க ரெண்டு நிபந்தனை: லைசென்ஸ் செல்லுபடியாகணும், ஆர்சி புக் அவன் பேர்ல இருக்கணும்.

20/
இப்ப உங்க தெருவுல நிக்கிற ஆர்எக்ஸ் எத்தனை, ஓட்டுறவன் பேர்லயே ஆர்சி இருக்கிறது எத்தனை? எண்ணிப் பாருங்க. ஓனர் வேலூர்ல ஒருத்தரா இருப்பார். உயிரோட இருக்காரான்னே தெரியாது. நடுவுல நாலு பேர் கையெழுத்து மட்டும் போட்ட வெத்து ஃபார்ம் 29, 30 கை மாறி வந்திருக்கும். பதிவு 15 வருசம், அப்புறம் அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும். அது எப்ப காலாவதி ஆச்சோ. இந்த வண்டியில போய் பையன் விழுந்தா 15 லட்சம் இல்ல, 15 ரூபாய் கூட இல்ல.

21/
அதோட போச்சா? பையன் யார் மேலயாவது மோதிட்டா? இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டின்னா விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் போடுற தொகைய வண்டிக்காரன்தான் கட்டணும். செத்தவர் சம்பாதிக்கிற வயசுன்னா தொகை லட்சங்கள்ல வரும். கருணாபுரத்துல எந்த வீட்டுல இருந்து அத வசூலிப்பீங்க? இருக்கிறது ஒரு ஓட்டு வீடு. அதுவும் பட்டா யார் பேர்லயோ.

22/
காசு எங்க இருந்து வருதுன்னும் பாத்திருக்கேன். முப்பது வருசத்து வண்டிக்கு எந்த பேங்கும் லோன் தராது. நல்லா ரெடி பண்ண ஆர்எக்ஸ் லட்சத்த தாண்டுது. அம்மா தோடு, அக்கா கல்யாணத்துக்கு வச்ச செயின், மிச்சத்துக்கு வட்டிக்காரர். அதே காசுக்கு புது நூறு சிசி வண்டி பேங்க் லோன்ல, வாரன்ட்டியோட, அந்த 15 லட்சம் காப்பீட்டோட வருது. இத பையன்கிட்ட சொன்னா "ஆனா அதுல கெத்து இல்ல சார்"ங்கிறான்.

23/
அந்த 'கெத்த' கிண்டல் பண்றவங்க இந்த த்ரெட்டுக்குக் கீழ வர வேணாம். புள்ளிங்கோன்னு முடிய வச்சும் வண்டிய வச்சும் மீம் போடுறவங்களுக்குச் சொல்றேன். நாள் முழுக்க மூட்டை தூக்கி, யார் யாரோ 'டேய்'னு கூப்பிட்டுத் திரும்பி வர்ற பையனுக்கு, சாயந்திரம் அந்த வண்டிய உதைச்சு ஸ்டார்ட் பண்ணா தெருவே திரும்பிப் பாக்குது. அந்த ஆசைய நான் மதிக்கிறேன். ஊர்ல வசதியான வீட்டுப் பையனுக்கும் அதே ஆசைதான். அவங்க அப்பா ரெண்டு லட்சத்துக்கு மேல போட்டு ஏபிஎஸ் வச்ச புது பைக்கும், ரைடிங் ஜாக்கெட்டும், நல்ல ஹெல்மெட்டும் வாங்கிக் குடுத்துடுறார். ஆசை ஒண்ணுதான். இவனுக்குக் கிடைக்கிறது டிரம் பிரேக்கும் வெத்து ஃபார்ம் 29ம். எனக்குக் கோவம் வர்றது இந்த இடத்துல.

24/
டாக்டரா பேச வேண்டியது ஒண்ணு பாக்கி. தலையில அடின்னா எல்லாருக்கும் தெரியும். ஹெல்மெட் போட்டா தலைக்காயம் 69 சதவீதமும் சாவு 42 சதவீதமும் குறையுதுன்னு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. அத டேங்க் மேல வச்சா குறையாது. விழுந்து எழுந்து "ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருக்கேன்"னு பேசிட்டு வீட்டுக்குப் போயி, ரெண்டு மூணு மணி நேரத்துல மயங்கி விழுறவங்க உண்டு. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவுல ரத்தம் கசிஞ்சு சேர்றது அது. நெத்தியோரம் அடிபட்டா, பேசினாலும் சரி, சிரிச்சாலும் சரி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.

25/
ஹெல்மெட் போட்டும் காப்பாத்த முடியாத ஒரு காயம் இருக்கு. அதப் பத்தி வெளிய யாரும் பேசுறதில்ல. வண்டியில இருந்து தூக்கி எறியப்பட்டு தோள்பட்டை தரையில மோதும். தலை மறுபக்கம் இழுபடும். கழுத்துல இருந்து கைக்கு அஞ்சு நரம்பு வேர் இறங்குது. அந்தப் பின்னல் ஒரே இழுப்புல கிழிஞ்சிடும். சில பேருக்கு தண்டுவடத்துல இருந்தே பிடுங்கிக்கிட்டு வந்திடும். எக்ஸ்ரே எடுத்தா எலும்பு முறிவே இல்லாம கூட இருக்கும். கை மட்டும் தொங்கும்.

26/
தண்டுவடத்துல இருந்து பிடுங்கின வேர திரும்ப தைக்க முடியாது. வேற நரம்ப எடுத்து ஒட்டணும். அதுவும் மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள. நரம்பு வளர்ற வேகம் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். தோள்ல ஒட்டினது முழங்கைய தாண்டி விரலுக்குப் போறதுக்குள்ள தசை செத்துப் போயிடும். ஒரு வருசம், ஒன்றரை வருசத்துக்கு மேல தசை காத்திருக்காது. நல்லா செஞ்ச ஆபரேஷன்ல கூட முழங்கைய மடக்க வந்தா சந்தோஷம், விரல் வர்றது அபூர்வம். சென்னை ஸ்டான்லி மாதிரி இடத்துல கைக்குன்னே தனித் துறை இருக்கு, அங்க போகச் சொல்லி எழுதித் தருவோம். இங்க இருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல. கூலி வேலைக்காரர் மாசம் ஒரு தடவ போய் வர முடியுமா? பாதிப் பேர் ரெண்டாவது தடவ போகவே மாட்டாங்க. "எப்படியும் வந்திடும் சார்"னு எண்ணெய் போட்டு நீவிக்கிட்டு அந்த ஆறு மாசத்த விட்டுடுவாங்க.

27/
மூட்டை தூக்குறவனுக்கு வலது கை போனா என்ன மிச்சம்? கரும்பு வெட்ட முடியாது, கலவை போட முடியாது, டிரைவராவும் போக முடியாது. வயசு 19. இன்னும் நாப்பது வருசம் இருக்கு அந்தக் கையோட. அதுலயும் நரம்பு பிடுங்கின வலி ஒண்ணு உண்டு. உணர்ச்சியே இல்லாத கையில தீப்பிடிச்ச மாதிரி எரியும்னு சொல்வாங்க. ராத்திரி தூங்க விடாது.

28/
சரி, என்னதான் செய்யச் சொல்றீங்கன்னு கேப்பீங்க. முதல் ரெண்டு வருசம் புது நூறோ 125ஓ, கம்பைன்டு பிரேக் இருக்கிற வண்டி. சொந்தப் பேர்ல. மழையில, ராத்திரியில, ஆள வச்சுக்கிட்டு, மலையில ஏறி இறங்கின்னு எல்லாம் அதுல பழகட்டும். அதுக்கப்புறமும் ஆர்எக்ஸ் தான் வேணும்னு மனசு சொன்னா வாங்கட்டும். நான் தடுக்க மாட்டேன். நல்ல வண்டிதான் அது. முதல் வண்டியா மட்டும் வேணாம்.

29/
அப்படி வாங்குறப்ப காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஆர்சிய எடுத்து, இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில அடிச்சிருக்கிறதோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகுதான்னு பாக்கணும். எம்-பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர போட்டா பதிவு எதுவரைக்கும், இன்ஷூரன்ஸ் எதுவரைக்கும்னு வந்திடும். "ஜப்பான் இன்ஜின் தம்பி"ன்னு சொல்லி இருபதாயிரம் சேத்துக் கேட்டா, நம்பர் தேய்ச்சு அடிச்சதான்னு டார்ச் அடிச்சுப் பாக்கணும். விக்கிறவரே ஆர்டிஓ ஆபீசுக்கு வந்து பேர் மாத்தித் தரணும். "அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னா வண்டிய அங்கயே விட்டுட்டு வந்திடுங்க. ஆயில் பம்ப் வேலை செய்யிற வண்டிய மட்டும் எடுங்க. கழட்டியிருந்தா திரும்ப மாட்டச் சொல்லுங்க. பிரேக் ஷூ, கேபிள், டயர் மூணையும் அன்னைக்கே புதுசா போடுங்க. பெயின்ட் அடுத்த மாசம் அடிச்சுக்கலாம்.

30/
நடுவுல ஒரு விஷயம். 'வின்டேஜ் வண்டி சார், மதிப்பு ஏறிக்கிட்டே போகும்'னு ஒரு வியாபாரம் ஓடுது. 2021ல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி வின்டேஜ்ங்கிற அந்தஸ்து 50 வருசம் ஆன வண்டிக்குத்தான். முதல் ஆர்எக்ஸுக்கே 2035 ஆகணும். அதுவும் எதையும் பெருசா மாத்தாம இருந்தாத்தான். அந்த அந்தஸ்து வந்த வண்டிய தினமும் வேலைக்கு ஓட்டிக்கிட்டு போகவும் கூடாது. போர்ட்டிங் பண்ணி, சைலன்சர் மாத்தி, டேங்க்ல தலைவர் படம் ஒட்டின வண்டிய யாரும் வின்டேஜ்னு எடுத்துக்க மாட்டாங்க.

31/
18 ஆகாத தம்பிங்க அண்ணன் வண்டிய எடுத்துட்டுப் போறது தனிக் கதை. அதுக்கு 2019 திருத்தத்துக்கு அப்புறம் பெத்தவங்களுக்கு மூணு வருசம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருசம் ரத்து, அந்தப் பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. சாவிய ஆணியில மாட்டாதீங்க.

32/
கடைசியா ஒண்ணு, எந்த வண்டியில விழுந்தாலும் சரி. 108க்கு அடிங்க. ஆட்டோவுல மடக்கிப் போட்டுக் கொண்டு வராதீங்க, கழுத்து நரம்பு இன்னும் கிழியும். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை காசில்லாம கிடைக்கும், அந்தத் திட்டத்துல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியிலயும்தான். கார்டு இல்ல, காசு இல்லன்னு வழியில நின்னு யோசிக்க வேணாம். கை தொங்குதுன்னா டிஸ்சார்ஜ் ஆகும்போது "நரம்பு டாக்டர எப்ப பாக்கணும்?"னு தேதியோட எழுதி வாங்குங்க. அந்த ஆறு மாசம் அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடுது.

33/
கேள்வி இருந்தா கீழ கேளுங்க, ராத்திரி டியூட்டி முடிஞ்சு பதில் போடுறேன். ஆர்சி பேர் மாத்துறது பத்தி நிறைய பேர் கேட்டா அதுக்குத் தனியா ஒரு த்ரெட் எழுதுறேன். "டாக்டர், நல்ல ஆர்எக்ஸ் எங்க கிடைக்கும்?"னு இன்பாக்ஸ்ல வர்றவங்க முதல்ல லைசென்ஸ் எடுத்த தேதிய அனுப்புங்க.